ஏழுக்கு எப்படித் தலையாட்டுறது?

இந்த எபிசோடு முழுக்க ஒரே ஒரு கேள்விக்கான பதில்தான். கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். காலேஜ் ரெண்டாம் வருஷம். மூணு வருஷமா ப்ரோக்ரஸிவ் மெட்டல் கேக்குறாராம். வீட்ல, பஸ்ல, ஹாஸ்டல்ல, எல்லாமே ஹெட்போன்லதான். ஊர்ல இதைப் பத்திப் பேச ஒரு ஆள் கிடையாது. இப்பத்தான் முதல் தடவையா பெங்களூர்ல ஒரு ஷோவுக்கு டிக்கெட் எடுத்திருக்கார். அவர் கேட்டது இதுதான்: "அண்ணா, 7/8-ல போற பாட்டுக்கு எல்லாரும் எப்படி ஒரே மாதிரி தலையாட்டுறாங்க? நான் மட்டும் தப்பான இடத்துல ஆட்டினா அசிங்கமா இருக்காதா?"

சிரிச்சிராதீங்க. ரொம்ப நியாயமான பயம் இது. கோயில்ல எல்லாரும் கை தட்டி பஜனை பாடும்போது நம்ம கை மட்டும் தனியா ஒலிச்சா எப்படி இருக்கும்? அதே பயம்தான். அதுவும் தனியாவே கேட்டு வளர்ந்த ஆளுக்கு இது டபுள் மடங்கு. அவருக்கு இந்த இசைன்னா இதுவரைக்கும் தன் ரெண்டு காதுக்கு நடுவுல மட்டும் நடக்குற விஷயம்.

முதல்ல, இந்த எபிசோடுக்குள்ள தெரியாம வந்துட்டவங்களுக்கு ரெண்டு வரி. ப்ரோக்ரஸிவ் மெட்டல்னா மெட்டலோட கனம், கூடவே நீளமான பாட்டுகள், நடுவுல மாறிக்கிட்டே இருக்குற தாளம். ட்ரீம் தியேட்டர், 1985-ல பாஸ்டன்ல பெர்க்லீ இசைக் கல்லூரி மாணவர்கள் ஆரம்பிச்ச குழு. அவங்க 1999-ல போட்ட 'தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி' ஆறு நிமிஷச் சொச்சம்தான். அதுக்குள்ள தாளம் நூறு தடவைக்கு மேல மாறும். ஸ்வீடன்ல ஓபெத், மெஷுகா. அமெரிக்காவுல டூல். டூலோட 'ஸ்கிஸம்' (2001) பெரும்பாலும் 5-ம் 7-ம் மாறி மாறிப் போகும். நம்ம பாஷைல சொன்னா ஒரு கண்டம், ஒரு மிஸ்ரம்.

இதையெல்லாம் கேட்டதும் பல பேர் "இது உட்கார்ந்து, கண்ணை மூடி, நல்ல ஹெட்போன்ல கேக்க வேண்டிய கணக்கு இசைப்பா, கூட்டத்துல என்ன புரியும்?"னு சொல்லுவாங்க. நான் இதுக்கு நேர் எதிர்க்கட்சி. இந்தக் கணக்கு உடம்புக்குள்ள இறங்குற இடம் கூட்டம்தான். அங்க உங்களுக்காக வேற யாரோ எண்ணிக்கிட்டிருப்பாங்க. எப்படின்னு சொல்றேன்.

தம்பியோட 7/8 கேள்விக்கு ரெண்டு பதில் இருக்கு. அந்தப் பாட்டுல ட்ரம்மர் என்ன பண்றார்ங்கறதைப் பொறுத்தது.

முதல் வகை: கிட்டார், பேஸ், ட்ரம்ஸ் எல்லாருமே ஏழுல இருக்காங்க. அப்போ யாரும் ஏழு தடவை தலையாட்டுறதில்லை, கழுத்து சுளுக்கிக்கும். மூணு தடவைதான் ஆட்டுவாங்க. ரெண்டு குட்டை, ஒரு நெட்டை. தக, தக, தகிட. அந்தக் கடைசி 'தகிட' மட்டும் கொஞ்சம் இழுத்து இறங்கும், ஒரு கால் நொண்டுற மாதிரி. சில பாட்டுல நெட்டை முன்னாடி வரும்: தகிட, தக, தக. மிஸ்ர சாபுக்குத் தாளம் போடுறவங்களைப் பாருங்க, அவங்களும் ஏழையும் தட்டமாட்டாங்க. மூணு, ரெண்டு, ரெண்டுன்னு பிரிச்சுத்தான் கை போகும். திருப்புகழ் பாடுற பாட்டிங்க இருக்குற வீட்ல வளர்ந்திருந்தீங்கன்னா இன்னும் ஈஸி. அருணகிரிநாதர் போட்டு வச்சிருக்கற சந்தங்களுக்கு முன்னாடி பல மெட்டல் ட்ரம்மர்கள் பொடிப்பசங்க. நாலு சுத்து போனா உடம்பு தானா பிடிச்சுக்கும். எண்ண ஆரம்பிச்சீங்கன்னாத்தான் தொலைஞ்சீங்க.

ரெண்டாவது வகைதான் எனக்குப் பிடிச்சது. கிட்டார் ஏழுல சுத்தும். ட்ரம்மரோட வலது கை, அதாவது சிம்பல், அமைதியா நாலுல போகும். மெஷுகாவோட முழு வேலையும் கிட்டத்தட்ட இதுதான். இதை ஆடியோல செஞ்சு காட்டினேன், படிக்கிறவங்க இப்பவே செஞ்சு பாருங்க. பக்கத்துல ஆள் இருந்தா கொஞ்சம் தள்ளிப் போய் செய்யுங்க.

வாயால 'தகிட தகதிமி'ன்னு சொல்லிக்கிட்டே இருங்க. ஏழு எழுத்து. எல்லா எழுத்துக்கும் ஒரே நேரம், எங்கயும் நிறுத்தக்கூடாது. காலால நாலு எழுத்துக்கு ஒரு தட்டு. முதல் 'த'வும் முதல் தட்டும் சேர்ந்து விழும். ரெண்டாவது சுத்துல 'த' காலுக்கு ஒரு எழுத்து முந்திக்கும். மூணாவது சுத்துல ரெண்டு தட்டுக்குச் சரியா நடுவுல தொங்கும். நாலாவது சுத்துல கால் தட்டி ஒரு எழுத்து கழிச்சு வரும். அஞ்சாவது சுத்து ஆரம்பிக்கும்போது வாயும் காலும் மறுபடி ஒன்னா விழும். மொத்தம் 28 எழுத்து: வாய்க்கு நாலு சுத்து, காலுக்கு ஏழு தட்டு. பள்ளிக்கூடத்துல மீ.சி.ம.ன்னு படிச்சோமே, மீச்சிறு பொது மடங்கு, வாழ்க்கைல எப்ப உதவும்னு கேட்டோமே, இங்கதான்.

இதுல குழுக்கள் பண்ற ஒரு சின்னத் திருட்டு உண்டு. 28-லயே திரும்ப ஆரம்பிச்சா, நாலு நாலா போற பெரிய வட்டத்துக்கு அது ஒத்து வராது. 32 வேணும். அதனால கடைசில ஒரு 'தகதிமி' மட்டும் ஒட்டி, 32-ல கொண்டு வந்து டமால்னு எல்லாத்தையும் முதல்ல இருந்து ஆரம்பிப்பாங்க. ஆபீஸ்ல ஒரு ப்ராசஸ் மெதுவா நேரம் தப்பி ஓடிக்கிட்டிருக்கும், ராத்திரி பன்னெண்டுக்கு ரீஸ்டார்ட் போட்டா எல்லாம் சரியாகும் பாருங்க, அதே டெக்னிக். அந்த ரீஸ்டார்ட் வர்ற இடத்துலதான் கூட்டமே ஒன்னா குனியும். ஹெட்போன்ல அந்த இடம் "ஓ, இங்க திரும்புதா"ன்னு ஒரு தகவல் மட்டும்தான். ஹால்ல அது ரெண்டாயிரம் கழுத்து ஒரே நொடில இறங்குறது.

ஆக, தம்பி, இந்த ரெண்டாவது வகைல ஏழைத் தேடாதீங்க. தலை நாலுக்குத்தான் ஆடுது. சிம்பலைப் பிடிங்க. சிம்பல் கேக்கலைன்னா முன்னாடி நிக்குறவர் தோளைப் பாருங்க. பெங்களூர்ல ஒரு சின்ன ஹால்ல, எனக்கு முன்னாடி நாப்பது வயசு மதிக்கத்தக்க ஒருத்தர் இன் பண்ணின ஆபீஸ் சட்டையோட நின்னார். மேடைல என்ன கலாட்டா நடந்தாலும் அவர் தோள் மட்டும் ஒரே சீரா ஏறி இறங்குச்சு. அவரைச் சுத்தி நின்ன பதினஞ்சு பேருக்கு அன்னிக்கு அவர்தான் மெட்ரோனோம். அவருக்கே அது தெரியாது. நீங்க தப்பா ஆட்டினா யாராவது பாப்பாங்களான்னு கேட்டீங்க. முன்னாடி இருக்கறவர் திரும்ப மாட்டார். பின்னாடி இருக்கறவர் உங்களைப் பாத்துத்தான் தாளம் பிடிப்பார், அது மட்டும் கொஞ்சம் பொறுப்பு.

இங்க நம்ம மலைப் பக்கத்து விஷயம் ஒன்னு சொல்லியே ஆகணும். கோத்தகிரின்னு நம்ம ஊருக்குப் பேர் வந்ததே கோத்தர்களால. நீலகிரில பரம்பரையா ஏழு ஊர்கள்ல வாழுற மக்கள் அவங்க. இந்த மலையோட வாத்தியக்காரங்களும் அவங்கதான். ஒரு காலத்துல தோடர், படகர் வீட்டு இழவுக்கும் போய் வாசிச்சவங்க. 'கொள்'ன்னு நாகசுரம் மாதிரி ஒரு ஊதுகருவி, கூடவே பறை வகையும் ரெண்டு பக்கம் அடிக்கிற மேளமும், வளைஞ்ச கொம்பும். டிசம்பர், ஜனவரில அவங்க சாமித் திருவிழா வரும்போது ஊர் நடுவுல வட்டமா ஆடுவாங்க. ரிச்சர்ட் உல்ஃப்னு ஹார்வர்டுல இருக்குற இசை ஆய்வாளர் 1990-கள்ல இருந்து கோத்தர்களோட இருந்து கத்துக்கிட்டு, 2005-ல 'தி பிளாக் கௌஸ் ஃபுட்ப்ரிண்ட்'னு ஒரு புத்தகம் போட்டார். அதுல அவர் திரும்பத் திரும்பப் பேசுற விஷயம் நங்கூரம். கொள் வாசிக்கிற மெட்டு மேளத்தோட அடிக்கு அடி ஒட்டிக்கிட்டே போகாது. விலகிப் போகும், சில முக்கியமான இடங்கள்ல வந்து நங்கூரம் போடும், மறுபடி விலகும்.

மெஷுகாவும் கோத்தர் இசையும் ஒன்னுன்னு நான் சொல்லலைங்க. அப்படிச் சொன்னா ரெண்டு பக்கத்துலயும் அடி விழும். ஆனா, எல்லாரும் தனித்தனியா ஓடி ஒரு இடத்துல சேர்றது, அந்த இடம் ஆடுற உடம்புக்குத் தெரிஞ்சிருக்கறது, இது ஏதோ ஸ்வீடன்காரன் கம்ப்யூட்டர்ல கண்டுபிடிச்ச விஷயம்னு நினைச்சிருந்தீங்கன்னா, உங்க வீட்டுக்கு மூணு கிலோமீட்டர் தள்ளியே அது நடக்குதுன்னு தெரிஞ்சுக்கங்க.

சரி, நம்ம பக்கம் இந்தக் குழுக்கள் எப்ப வர ஆரம்பிச்சாங்க? என்னைக் கேட்டா திருப்புமுனை வருஷம் 2009. அந்த வருஷம் ஐஐடி மெட்ராஸோட சாரங் விழாவுல ஓபெத் வாசிச்சாங்க. இந்தியாவுல அவங்களோட முதல் ஷோ. டெல்லி, மும்பை எல்லாம் விட்டுட்டு, நம்ம கிண்டி பக்கத்துல, மான் திரியுற காம்பஸ்ல. அதே வருஷம் டிசம்பர்ல ஐஐடி பம்பாயோட மூட் இண்டிகோவுக்கு போர்க்குபைன் ட்ரீ வந்தாங்க. 2010-ல கிரேட் இந்தியன் ராக் விழாவுக்கு மெஷுகா. நான் அப்போ ஆறாங்கிளாஸ், எதுக்கும் போகலை. ஆனா பின்னாடி வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொரு ஆபீஸ்லயும் "நான் சாரங்ல ஓபெத் பாத்தவன்"னு சொல்ற ஒரு சீனியர் இருந்திருக்கார். அவர் கண்ணு உடனே வேற மாதிரி ஆயிடும்.

கல்லூரி விழாவுக்கு ஏன் வந்தாங்கன்னு யோசிச்சா, இந்த மாதிரி இசைக்குத் தனியா டிக்கெட் வித்து ஹாலை நிரப்ப முடியும்னு நம்பி அப்போ காசு போட ஆள் கம்மி. விழாவுக்கு ஸ்பான்சர் இருக்கும், மைதானம் இருக்கும், நாலு நாளும் அங்கயே கிடக்குற பசங்க இருப்பாங்க. இதுல ஒரு குறையும் உண்டு. மத்த ஊர்க்காரங்களுக்கு, அதுவும் மலைல இருக்கறவங்களுக்கு, தகவலே லேட்டாத்தான் வரும்.

ஓபெத்தை நேர்ல பாக்குறதுக்குன்னு ஒரு தனி அனுபவம் இருக்கு, முதல் ஷோ போறவங்க தெரிஞ்சுக்கணும். மிகேல் ஓகர்ஃபெல்ட் ஒரு பாட்டுல பேய் மாதிரி கர்ஜிப்பார், அடுத்த நிமிஷம் தாலாட்டு மாதிரி பாடுவார், பாட்டு முடிஞ்சதும் மைக்ல வந்து சுரத்தே இல்லாத குரல்ல ஜோக் அடிப்பார். அந்த மெதுவான பகுதி வரும்போது தயவு செஞ்சு கத்தாதீங்க. பத்து நிமிஷப் பாட்டுல அந்த ஒரு நிமிஷ அமைதியும் பாட்டுதான். 'டெலிவரன்ஸ்' (2002) அவங்க பல வருஷமா நிகழ்ச்சியை முடிக்கிற பாட்டு, பதிமூணு நிமிஷத்துக்கு மேல. அதோட கடைசி சில நிமிஷம் ஒரே ஒரு முட்டுறதும் நிறுத்துறதும்தான், திரும்பத் திரும்ப. ரெக்கார்டுல கேட்டா "எப்பப்பா முடியும்"னு தோணும். கூட்டத்துல நின்னா, அந்த நிறுத்துற இடத்துல ஆயிரம் பேர் ஒன்னா மூச்சைப் பிடிக்கறது கேக்கும். இதுக்காகவே காசு கொடுக்கலாம்.

இப்ப நடைமுறை விஷயங்கள். எங்க நிக்கணும்? மேடைக்கு முன்னாடி முட்டி மோதுற ஆசை இருந்தா ஒரு ரெண்டு பாட்டுக்குப் போங்க. மீதிக்கு, ஹால் நடுவுல சவுண்ட் இன்ஜினியர் ஒரு பெரிய போர்டு வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பக்கத்துல நில்லுங்க. அவர் காதுக்கு எது நல்லா கேக்குதோ அதைத்தான் எல்லாருக்கும் அனுப்புறார்.

பெரிய மைதானமா இருந்தா ட்ரம்மர் கையைப் பாத்துத் தாளம் பிடிக்காதீங்க. ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர்தான் போகும். நீங்க 30 மீட்டர் பின்னாடி இருந்தா, அடி விழுறதைப் பாத்து ஒரு 90 மில்லிசெகண்ட் கழிச்சுத்தான் சத்தம் வரும். நிமிஷத்துக்கு 120 அடி போற பாட்டுல, நம்ம 'தகிட'ல ஒரு எழுத்தோட நீளமே 250 மில்லிசெகண்ட்தான். அதுல மூணுல ஒரு பங்கு போயிடுச்சு. பெரிய ஸ்க்ரீனைப் பாத்தா அதுக்குன்னு தனி லேட்டன்ஸி வேற. கண்ணை நம்பாதீங்க, பக்கத்துல நிக்குறவங்களை நம்புங்க. அவங்களுக்கும் உங்களுக்கும் ஒரே நேரத்துலதான் கேக்குது.

காது. இதை யாரும் சீரியஸா எடுத்துக்கறதில்லை, அதனால கொஞ்சம் கறாராவே சொல்றேன். 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் தாங்குற காது, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதி நேரம்தான் தாங்கும்ங்கறது அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனக் கணக்கு. அதன்படி 100 டெசிபல்னா 15 நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல நிகழ்ச்சி அரங்குகளுக்குன்னே ஒரு வழிகாட்டி போட்டுச்சு. அதுல உச்ச வரம்பா சொன்னதும் சராசரி 100 டெசிபல்தான். மெட்டல் ஷோ ரெண்டு மணி நேரம். உள்காதுல இருக்குற மயிரிழை செல்கள் செத்தா திரும்ப முளைக்காது. இந்த இசைல நீங்க தேடுற அத்தனை நுணுக்கமும் அந்த செல்கள் வழியாத்தான் வரணும்.

அதனால இயர்பிளக். அதுலயும் ஒரு நெளிவு சுளிவு இருக்கு. மருந்துக் கடைல கிடைக்குற பஞ்சு மாதிரி ஃபோம் பிளக் கீச்சு ஒலியை அதிகமா அமுக்கிடும். நம்ம நாலைப் பிடிச்சு வச்சிருக்கறதே சிம்பல்தானே? அதை அமுக்கினா தாளமே தொலையும், வெறும் கும்மு கும்முன்னு கேக்கும். ஃபில்டர் வச்ச 'மியூஸிஷியன் இயர்பிளக்'னு விக்குது, அது எல்லா ஒலியையும் ஏறக்குறைய சமமா குறைக்கும். டிக்கெட் விலைல ஒரு சின்னப் பங்குதான். அது இல்லைன்னா ஃபோம் பிளக்காவது வச்சுக்கங்க, தாளம் போனா போகட்டும். ஷோ முடிஞ்சு காதுல 'ங்ங்ங்'னு சத்தம் வந்தா அன்னிக்கு ராத்திரி ஹெட்போன் வேண்டாம். ரெண்டு நாள் கழிச்சும் போகலைன்னா காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க.

ஊட்டிலயே ஒரு ஷோ நடத்தினா என்னன்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தாங்க. ஹாலுக்குள்ள சின்னதா நடத்துங்க, முதல் வரிசைல நான் நிக்குறேன். ஆனா மசினகுடி ரிசார்ட் பக்கம் திறந்தவெளில வேண்டாம். யானைங்க 14-லிருந்து 35 ஹெர்ட்ஸ் வரைக்கும், நம்ம காதுக்குச் சரியா எட்டாத அடி ஆழத்துல பேசிக்கும். இதை 1980-கள்ல கேட்டி பெய்ன் கண்டுபிடிச்சார். நம்ம சப்வூஃபர் இறங்குறது முப்பது, நாப்பது ஹெர்ட்ஸ் வரைக்கும். மெஷுகாவோட எட்டுத் தந்தி கிட்டார்ல அடித் தந்தி சுமார் 44 ஹெர்ட்ஸ். ரெண்டு பேர் வீட்டுக்குள்ள பேசிக்கிட்டிருக்கும்போது ஜன்னல் வழியா லவுட்ஸ்பீக்கரை நீட்டுற மாதிரி ஆயிடும்.

கடைசியா, தம்பி, போய்ட்டு வர்ற வழி. நம்ம ஊர்க்காரங்களுக்கு இதுதான் உண்மையான ப்ரோக்ரஸிவ் கணக்கு. ஒலி மாசு விதிகள்படி திறந்தவெளில ராத்திரி 10 மணிக்கு மேல ஸ்பீக்கர் கூடாது, அதனால ஷோ பத்துக்குள்ள முடியும். ஆனா பந்திப்பூர் காட்டு ரோடு 2009-லிருந்து ராத்திரி 9-லிருந்து காலை 6 வரைக்கும் மூடல். சத்தியமங்கலம் பக்கம் திம்பம் மலைப்பாதையும் 2022 பிப்ரவரிலிருந்து ராத்திரில அடைப்பு. அதாவது நீங்க தலையாட்டி முடிக்கும்போது காடு வழியா வீட்டுக்கு வர்ற ரோடு எல்லாம் பூட்டியாச்சு. முதுமலை வழியாத்தான் வருவேன்னு கிளம்பி, செக்போஸ்ட்ல வண்டிக்குள்ள நடுங்கிக்கிட்டு விடியறதுக்குக் காத்திருக்க வேண்டாம்.

கோத்தகிரிக்கு நல்ல வழி சேலம் தான். ஷோ முடிஞ்சு கோயம்புத்தூர் போற ராத்திரி பஸ் பிடிங்க. ஓசூர், சேலம், ஈரோடு வழியா காலைல வந்துடும். அங்கிருந்து மேட்டுப்பாளையம், அங்கிருந்து மேல ஏறுற பஸ். சென்னை ஷோன்னா நீலகிரி எக்ஸ்பிரஸை நம்பி டிக்கெட் போடாதீங்க. சென்ட்ரல்ல ராத்திரி ஒன்பது மணி வாக்குல கிளம்பிடும், அப்போ மேடைல நல்ல பாட்டு வர்ற நேரம். பெங்களூர் நண்பர்கள் "கார்லயே கொண்டு வந்து விடுறோம் மச்சான்"னு சொன்னா சந்தோஷமா ஒத்துக்கங்க, ஆனா வெளியூர் வண்டிக்கு 2024 மே மாசத்துலிருந்து நீலகிரிக்கு இ-பாஸ் வேணும்னு முன்னாடியே சொல்லிடுங்க. பர்லியார்ல வந்து நின்னுக்கிட்டு போன்ல சிக்னல் தேடுறது பெரிய கொடுமை.

ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க. ஹால்ல வேர்த்துக் கொட்டும், அதே ஈர டீ-ஷர்ட்டோட விடிகாலைல மேட்டுப்பாளையத்துலிருந்து மேல ஏறினா மூணு நாள் காய்ச்சல் கேரண்டி.